விசா விண்ணப்பத்தில் இரட்டை நுழைவு என்று எழுதியதை அங்கே யாராவது படித்தீர்களா?

இன்று காலை கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. அப்பாவின் விசாவில் நுழைவு எண்ணிக்கை 02. என்னுடையதில் 01.

ஒரே நாளில், ஒரே கவுண்டரில், அடுத்தடுத்து கொடுத்த விண்ணப்பங்கள். ஒரே விமானம், ஒரே ஓட்டல் அறை. கடிதம்கூட ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. அதில் தடித்த எழுத்தில் எழுதியிருந்தேன்: நாங்கள் நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகிறோம், திரும்பி வர இரண்டு நுழைவு வேண்டும் என்று. விண்ணப்பப் படிவத்திலும் ‘இரண்டு’ என்ற கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் விரலை வைத்தே காட்டினேன். “பாத்துட்டேன் சார்” என்றார். என்ன பார்த்தாரோ!

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) அலைந்தவர்களுக்கு வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் போகும் ஊர் லாங்யர்பியன், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டில் இருக்கிறது. 78 டிகிரி வடக்கு. ஆனால் ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே. அங்கே போக, தங்க யாருக்கும் விசா வேண்டாம். சந்தோஷம். ஆனால் அங்கே போக நார்வேயின் ஓஸ்லோவிலோ ட்ரோம்சோவிலோதான் விமானம் ஏற வேண்டும். ஏறுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சோதிப்பார்கள். அதோடு நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர். திரும்பி ஓஸ்லோவில் வந்து இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. 01 வைத்திருப்பவனுக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. இது ரகசியமும் இல்லை. நார்வே அரசே இரண்டு நுழைவு விசா வாங்கிக்கொண்டு போங்கள் என்று எழுதி வைத்திருக்கிறது.

சரி என்று விசா மையத்துக்கு போன் போட்டேன். இந்தி பாட்டு, ஆங்கில அறிவிப்பு, மறுபடி இந்தி பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்தார்.

“சார், நார்வே ஒரே நாடுதானே?”

“ஆமாம்மா.”

“அப்போ ஒரு தடவதானே உள்ள போறீங்க? சிங்கிள் என்ட்ரி போதுமே சார்.”

ஸ்வால்பார்ட் ஷெங்கனில் இல்லை என்றேன். “லிஸ்ட்ல நார்வே இருக்கே சார்” என்றார். நார்வே இருக்கிறது, ஸ்வால்பார்ட் இல்லை என்றேன். “ஆனா அது நார்வேதானே சார்?” என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ஓஸ்லோ, பாஸ்போர்ட் சோதனை, மூன்று மணி நேர விமானம், திரும்பும்போது மறுபடி சோதனை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனா சார், அது டொமஸ்டிக் ஃப்ளைட் இல்லையா?” என்றார். சீனியரிடம் கொடுங்கள் என்றேன். மறுபடி பாட்டு.

சீனியர் வந்தார். அவர் படித்தவர். “சார், ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்ல. சிஸ்டத்துலயே போட்டிருக்கு” என்றார். ஐயா, அந்த ஊருக்கு விசா வேண்டாம் என்பது எனக்கும் தெரியும். அங்கிருந்து வீட்டுக்கு வருவதற்குத்தான் வேண்டும்! அப்படியானால் என் அப்பாவுக்கு மட்டும் ஏன் இரண்டு கொடுத்தார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டினார். அப்புறம் சொன்னார்: “அதுல ஏதும் தப்பு நடந்திருந்தா எழுதிக் குடுங்க சார், ஒண்ணா மாத்தச் சொல்றோம்.”

இரண்டு பாஸ்போர்ட்டில் உருப்படியாக இருப்பது ஒன்று. அதையும் கெடுத்துத் தருகிறேன் என்கிறார்!

என்னதான் செய்வது என்று கேட்டால், புதிதாக விண்ணப்பிக்கலாமாம். மறுபடி 90 யூரோ, மறுபடி சேவைக் கட்டணம், மறுபடி வங்கிக் கணக்கு விவரம். முன்பதிவு மார்ச் நடுவில்தான் கிடைக்கிறதாம்.

எனக்கு மார்ச் 8 அங்கே இருக்க வேண்டும். அக்டோபர் கடைசியில் போன சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அங்கே அடிவானத்துக்கு மேலே வருகிறது. சுற்றிலும் மலை என்பதால் வெயில் ஊருக்குள் விழ மார்ச் 8 ஆகிவிடும். பழைய ஆஸ்பத்திரியின் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. ஊரே அங்கே கூடிக் காத்து நிற்கும். அந்தப் படியில் வெயில் பட்டால்தான் அவர்கள் கணக்கில் சூரியன் வந்ததாக அர்த்தம். இதை ஏப்ரலுக்குத் தள்ளிப் போடு என்று யாரிடம் சொல்வது? ஏப்ரல் 20 வாக்கில் அங்கே சூரியன் மறைவதே நின்றுவிடும்.

அப்பாவுக்குச் சூரியன் முக்கியமில்லை. அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாங்யர்பியன் 1906ல் நிலக்கரிக்காக ஒரு அமெரிக்கர் ஆரம்பித்த ஊர். கடைசிச் சுரங்கமான ஏழாம் எண் சுரங்கத்தையும் 2025ல் மூடிவிட்டார்கள். மூன்றாம் எண் சுரங்கத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். “நாம மேலேருந்து வெட்டினோம். அவங்க உறைஞ்ச மலைக்குள்ள படுத்துக்கிட்டே வெட்டியிருக்காங்கடா” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரிடம் போய் என் விசாவில் 01 என்று எப்படிச் சொல்வது?

இன்ஷூரன்ஸ் இன்னொரு கூத்து. நாடுகளின் பட்டியலில் நார்வே தனியாக, ‘ஸ்வால்பார்டும் யான் மாயனும்’ (அது நார்வேயின் இன்னொரு தீவு) தனியாக. நார்வேயைத் தேர்ந்தெடுத்தால் ஸ்வால்பார்ட் சேருமா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே இருப்பது சின்ன ஆஸ்பத்திரி. பெரிதாக ஏதாவது என்றால் விமானத்தில் ட்ரோம்சோவுக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவரைக் கூட்டிக்கொண்டு போகிறவன் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான்? “பொதுவா கவர் ஆகும் சார்” என்கிறார்கள். பொதுவாக என்றால் என்ன? பாலிசியில் எழுதிக் கொடுங்களேன்!

சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 01ஐயும் 02ஐயும் மாறி மாறிப் பார்த்தார். “அங்க தங்க விசா வேணாம்னுதானே சொன்னே? அப்ப நீ அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்க. நான் திரும்பி வந்து அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்” என்றார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

நாளைக் காலை மறுபடி அந்தக் கவுண்டருக்குப் போகிறேன். சாயங்காலம் தி. நகர் போக வேண்டும். மைனஸ் 25க்கும் தாங்கும் என்று சத்தியம் பண்ணி ஒரு கடைக்காரர் அப்பா தலையில் கட்டிய ஜாக்கெட்டின் ஜிப், வீட்டு ஹாலில் போட்டுப் பார்க்கும்போதே கையோடு வந்துவிட்டது. விற்ற பொருளை மாற்ற மாட்டார்களாம். அதையும் பார்த்துவிடுகிறேன்.