எதற்கு மார்க் போடுவது?

ஒரு பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு துறை துறையாக ஏறி இறங்கிய கதை எனக்கு உண்டு. பாடத்தின் பெயர் இன்பர்மேஷன் ஆர்க்கிடெக்சர்: இணையதளம் போன்ற ஓர் இடத்தில் தகவலை எப்படி அடுக்குவது, எதற்கு என்ன பெயர் வைப்பது என்ற படிப்பு. கணினி அறிவியலில், “இதில் கோடிங் எங்கே இருக்கிறது, டிசைன் துறையில் கேட்டுப் பாருங்கள்” என்றார்கள். டிசைன் துறையில், “வரையவே வேண்டாத பாடமாக இருக்கிறதே” என்று தயங்கினார்கள். நூலகவியலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அப்புறம், “வகைப்பாடு என்ற பெயரில் காலங்காலமாக நாங்கள் நடத்துவதுதானே, புதிதாக என்ன?” என்று கேட்டார்கள். மூவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. கடைசியில் விருப்பப் பாடமாக, வாரக் கடைசி நாளின் கடைசி வகுப்பாக, ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது.

தமிழில் இதை என்னவென்று சொல்வது என்பதே தனிப் பாடு. ‘தகவல் கட்டமைப்பு’ என்றால் சர்வரும் கேபிளும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘தகவல் கட்டடக்கலை’ என்றால் சிரிக்கிறார்கள். நான் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஐஏ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எதற்கு என்ன பெயர் வைப்பது, எதை எதோடு சேர்ப்பது என்பதையே பிழைப்பாகக் கொண்ட துறைக்குத் தனக்கென்று ஒரு பெயரும் அமையவில்லை, உட்கார ஓர் அலமாரியும் அமையவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் துறைக்கு வரையறை இல்லை என்று அடிக்கடி சொல்கிறார்கள். வரையறைக்கு ஒரு பஞ்சமும் இல்லை. ரிச்சர்ட் சால் வர்மன் என்ற கட்டடக் கலைஞர் 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் மாநாட்டுக்கு ‘தகவலின் கட்டடக்கலை’ என்று தலைப்பு வைத்தார். சிக்கலான ஒன்றை எப்படிப் புரியும்படி அமைப்பது என்பது அவர் கவலை. இணையம் பரவிய பிறகு, 1998இல், லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் ஒரு புத்தகம் எழுதினார்கள். அட்டையில் பனிக்கரடி இருக்கும், அதனால் பனிக்கரடிப் புத்தகம் என்றே பெயர். இருவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படித்தவர்கள். தேடுகிறவருக்குத் தேடியது கிடைக்கிறதா என்பது இவர்கள் கவலை. ஒரு பக்கம் வரைபட மேசை, இன்னொரு பக்கம் நூலகத்தில் புத்தக விவர அட்டைகளை அடுக்கி வைக்கும் பெட்டி. பிள்ளை இரண்டு ஜாடையோடும் பிறந்தது.

அந்தப் புத்தகத்தின் பிந்தைய பதிப்புகளில், ஐஏ என்றால் என்ன என்ற கேள்விக்கு நாலு வரையறைகள் வரிசையாக இருக்கும். எழுதியவர்களின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் நாலு வரையறையை நீட்டினால், “இதில் எதை எழுதினால் மார்க்?” என்றுதான் கேட்கும். கேட்டது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், இந்தத் துறையில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

துறை செத்துவிட்டது என்பவர்களும் உண்டு. கையில் ஆதாரத்தோடு வருவார்கள். 2009இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் நடந்த ஐஏ மாநாட்டில், இந்தத் துறையில் பெயர் பெற்ற வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட், ஐஏ ஆட்கள் என்று யாரும் கிடையாது, இருப்பவர்கள் எல்லாம் பயனர் அனுபவ வடிவமைப்பாளர்களே என்று போட்டு உடைத்தார். 2002இல் தொடங்கிய, இந்தத் துறையினரின் அமைப்பான ஐஏ இன்ஸ்டிடியூட் 2019இல் கலைக்கப்பட்டது. ஒஹையோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் போல முதுகலைப் படிப்பாகவே நடத்திப் பார்த்தவர்கள் உண்டு. நான் பார்த்த பாடத்திட்டங்களில் யுஎக்ஸ் என்கிற பயனர் அனுபவப் பாடத்துக்குள் ஓரிரு வாரம்தான் இதற்கு. விசிட்டிங் கார்டில் இருந்த பதவிப் பெயர் செத்தது உண்மை. வேலை என்னவோ செய்ய ஆளில்லாமல் அப்படியே கிடக்கிறது.

என் கட்சி இதுதான்: மாநாட்டு மேடையில் வரையறுத்து ஒரு துறை உருவாகாது. வகுப்பறையில் எதற்கு மார்க் போடுகிறோமோ, அதுவே நாளடைவில் துறையாகிவிடும். தளத்தின் பக்கங்களைப் பெட்டியும் கோடுமாக வரைந்து காட்டும் சைட்மேப்புக்கு மார்க் போட்டால் சைட்மேப் வரைகிறவர்கள் வருவார்கள். திரை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவுக்குப் போட்டால் ஃபிக்மா தெரிந்தவர்கள் வருவார்கள். அந்த மென்பொருள் மாறும்போது அவர்களோடு துறையும் வழக்கொழிந்துவிடும்.

முதல் ஆண்டு நானே அந்தத் தப்பைச் செய்தேன். சைட்மேப்புக்கு மார்க். பெட்டிகளும் கோடுகளும் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல வந்தன. ஒன்றிலும் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு மருத்துவமனை இணையதளத்துக்காக அறுபது அட்டைகள் எழுதிக் கொடுத்தேன். ஓர் அட்டைக்கு ஒரு விஷயம்: ஸ்கேன் அறிக்கை பெறுதல், பார்வை நேரம், ரத்த தானம், காப்பீடு, இப்படி. குழுவாக உட்கார்ந்து அடுக்கிப் பெயர் வையுங்கள் என்றேன். கார்ட் சார்ட்டிங் என்பது ஒன்றும் புது வித்தை இல்லை. அரை மணி நேரத்தில் எல்லா மேசையிலும் அழகான குவியல்கள். எல்லா மேசையிலும் ஓரமாக ஒரு குண்டுக் குவியல், மேலே ‘மற்றவை’.

அதில் இருந்த ஓர் அட்டை: இறந்தவர் உடலைப் பெறுதல். ஒரு குழு மட்டும் அதை ‘டிஸ்சார்ஜ்’ குவியலில் வைத்திருந்தது. ஏன் என்று கேட்டேன். “மருத்துவமனைப் பதிவேட்டில் இதுவும் டிஸ்சார்ஜில் ஒரு வகைதான் மேடம், படுக்கை காலியாகிறது இல்லையா” என்றான் ஒருவன். தப்பே சொல்ல முடியாது, நிர்வாகக் கணக்கில் அது சரி. பின்வரிசையில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் சொன்னாள்: “இதைத் தேடுகிறவர் டிஸ்சார்ஜ் என்ற வார்த்தையைத் தொடவே மாட்டார். அந்த வார்த்தைக்காகத்தான் அவர் அத்தனை நாள் காத்திருந்திருப்பார்.”

அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை அந்த ஒரே அட்டைதான். அதை மெனுவில் வைக்கவே கூடாது, தொலைபேசியை எடுத்து ஒரு மனிதர் பேச வேண்டும் என்றார்கள் சிலர். நள்ளிரவில் வெளியூரிலிருந்து தேடும் பிள்ளைக்கு எழுத்தில் இருந்தால்தான் உதவும் என்றார்கள் சிலர். ‘குடும்பத்தாருக்கு’ என்று ஒரு பெயர் வந்தது. அதை வைத்ததும் பார்வை நேரமும் இன்னும் நாலு அட்டையும் தாமாக அங்கே நகர்ந்தன, ‘மற்றவை’ இளைத்தது. நிறுவனம் தன் வசதிக்கு வைத்திருக்கும் வகைக்கும், தேடி வருகிறவர் வாயில் இருக்கும் சொல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்தத் துறை குடியிருக்கிறது. இதை விரிவுரையாக நான் நடத்தியிருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அன்றிலிருந்து என் மார்க் போடும் முறை மாறிவிட்டது. படத்துக்கு மார்க் இல்லை. ஏன் இங்கே வைத்தாய் என்ற காரணத்துக்கு உண்டு. இப்படி அடுக்கியதில் யாருக்கு எது மறைந்துபோனது என்று தானே எழுதினால் அதற்கும் உண்டு. முன்பின் பார்க்காத ஒருவரிடம் வெறும் தலைப்புகளை மட்டும் நீட்டி, “இதை எங்கே தேடுவீர்கள்?” என்று கேட்டு, அவர் தடுமாறிய இடத்தை மறைக்காமல் எழுதினால் அதிக மார்க். ‘மற்றவை’ என்று ஒரு பெட்டி இருந்தால் மட்டும் கழிப்பேன். கொஞ்சம் கொடுமைதான், தெரியும்.

வரலாறு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும், அது இணையத்திலிருந்து தொடங்கக் கூடாது. நிகண்டில் சொல் தேடுவதற்கும் அகராதியில் தேடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுத் தொடங்கலாம். ஒன்று பொருளால் அடுக்கியது, மற்றது எழுத்தால் அடுக்கியது. கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை ஒரு வாரம் நிதானமாக நடத்தலாம். ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடாமல், அதைப் பல கோணங்களாகப் பிரித்து மறுபடி கோர்ப்பது அவர் வழி. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைகளை அவர் வகுத்தார். செருப்பு வாங்கும் தளத்தில் அளவு, நிறம், விலை என்று பக்கவாட்டில் டிக் அடிக்கிறோமே, அந்தச் சிந்தனைக்கு இவர் தாத்தா முறை. அதே வாரம், நூல்களைத் துறைவாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயியின் தசமப் பகுப்பையும் காட்ட வேண்டும். 1876இல் வந்தது. மதத்துக்கென்று ஒதுக்கிய 200 முதலான எண்களில் பெரும்பகுதியைக் கிறித்தவம் எடுத்துக்கொள்ள, உலகின் மற்ற மதங்கள் நெடுங்காலம் 290களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அங்கேயும் ஒரு ‘மற்றவை’.

இப்போதெல்லாம் சாட்பாட்டைக் கேட்டால் போயிற்று, அடுக்குவானேன் என்கிறார்கள். அது படிப்பதும் நாம் எழுதிக் குவித்ததைத்தான். டிஸ்சார்ஜ் என்ற சொல் இரண்டு பக்கத்தில் இரண்டு பொருளில் இருந்தால், இரண்டில் ஒன்றைத் தயங்காமல் சொல்லிவிட்டுப் போகும்.

இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு தாள் போதும், ஆனால் கட்டாயத் தாளாக. கணினி, டிசைன், நூலகவியல் மாணவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும், நடத்த இரண்டு துறை ஆசிரியர்கள் வேண்டும். கால அட்டவணை போடுகிறவர் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்.

இதை எங்காவது நடத்திக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் வேண்டாம், அது என்னிடமே ஏழு இருக்கிறது. கேள்வித்தாளை அனுப்புங்கள்.