கிளினிக் கொப்பியை ஒளிக்க வைக்கும் விதிகள்

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மெடிக்கல் எடுக்கப் போகும்போது கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களை மட்டக்களப்பில் யாருக்குத்தான் தெரியாது? சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் மருந்து எடுப்பவர், கேட்டால் "ஒரு வருத்தமும் இல்லை" என்பார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று பயப்படுகிறார்.

சம்பளத்துக்கு அல்லாமல் தங்களுக்காகச் சிறிய விமானம் ஓட்டும் தனியார் விமானிகளின் மருத்துவ விதிகளிலும் இதே பயம்தான் வேலை செய்கிறது. 2018 இல் சிவில் விமான நிலையமாகத் திறந்த நமது ஓடுபாதையில் செஸ்னா கரவன் என்ற சிறிய விமானம் இறங்குவதைப் பார்த்து, இரத்மலானைக்குப் போய்ப் பறக்கப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இங்கும் இருக்கிறார்கள். அதனால் இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி தனியார் விமானிக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நாற்பது வயதுக்குள் என்றால் ஐந்து வருடம் செல்லும், அதற்கு மேல் இரண்டு வருடம். கண், காது, பிரஷர், சிறுநீர், நிறப்பார்வை எல்லாம் பார்ப்பார்கள். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் சந்திக்கும் டொக்டருக்கு, விமானி சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

2015 மார்ச் 24 அன்று ஜேர்மன்விங்ஸ் என்ற ஜேர்மன் கம்பனியின் பயணிகள் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதினார். 150 பேர் செத்தார்கள். அவரிடம் இருந்தது தனியார் விமானியுடையதை விடக் கடுமையான முதலாம் வகுப்புச் சான்றிதழ், அதுவும் செல்லுபடியானது. வேலைக்குப் போகக்கூடாது என்று டொக்டர் கொடுத்த துண்டு அவர் வீட்டில் கிழிந்து கிடந்தது. இதைக் காட்டி விதியை இன்னும் இறுக்கு என்கிறார்கள். எனக்கோ, இறுக்கினால் இன்னும் பல துண்டுகள் கிழியும் என்றுதான் படுகிறது.

அமெரிக்கா 2017 இல் ஒரு மாற்றுவழி திறந்தது. முன்பு ஒருமுறை சான்றிதழ் எடுத்திருந்தவர், சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருந்தால், நான்கு வருடத்துக்கு ஒருமுறை வழமையாகப் பார்க்கும் குடும்ப டொக்டரிடமே பரிசோதித்துக்கொள்ளலாம். அவுஸ்திரேலியா 2024 இல் சுயபிரகடனத்தை, அதாவது தன் உடல்நலத்தை விமானி தானே உறுதிப்படுத்திக் கொடுப்பதை, அனுமதித்தது. ஆனால் விமானம் சிறியது, பறப்பது பகலில், கூட ஒருவர்தான் ஏறலாம். ஆபத்தின் அளவுக்கு ஏற்ற கட்டுப்பாடு. இதுதான் நியாயம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்சுலின் விஷயம். இன்சுலின் போடுகிறவர் பறக்கவே கூடாது என்றிருந்த அமெரிக்கா, 1996 இல் தனியார் விமானிகளுக்கு வழி விட்டது. எப்படி? புறப்பட அரை மணி நேரத்துக்குள் விரல் நுனியில் குத்திச் சீனி பார்க்க வேண்டும், 100 க்கும் 300 க்கும் இடையில் இருக்க வேண்டும். பறக்கும்போது மணிக்கொரு தடவை, இறங்க அரை மணிக்கு முன் இன்னொரு தடவை. 100 க்குக் கீழே போனால் 20 கிராம் குளுக்கோஸ் சாப்பிட வேண்டும். 300 ஐத் தாண்டினால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்கிவிட வேண்டும். நோயை ஒளிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பறக்கிற ஒழுங்கு இது. சீனி வருத்தம் இல்லாத வீடு குறைந்துவரும் நம் ஊருக்கு இது நன்றாகவே புரியும்.

கீழே இருக்கிறவர்களின் கதி என்ன என்று கேட்பது சரியான கேள்வி. வலிப்பு வருகிறவரையோ, திடீரென மயங்கி விழுகிறவரையோ ஓட்ட விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் சிறிய விமானங்கள் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டுப்பாட்டை இழப்பது, மோசமான வானிலைக்குள் நுழைவது, எரிபொருள் தீர்வது, இயந்திரக் கோளாறு. விமானி நோயில் சுருண்டு விழுவது அதில் சிறு பங்குதான்.

இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபை இந்த நாடுகளின் அனுபவத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். வருத்தத்தைச் சொன்னவருக்கு உடனே கதவைச் சாத்தாமல், என்ன நிபந்தனையோடு பறக்கலாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று. கண்ணாடி போட்டிருந்தால் முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கண்ணாடியோடு தேவையான பார்வை இருந்தால் போதும். நிறப்பார்வை அப்படியில்லை, கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது. காணியை ஈடு வைத்துக் காசு கட்டுவதற்கு முதல் மெடிக்கலை எடுத்துவிடுங்கள். அங்கே பிள்ளையின் பழைய வருத்தம், மருந்து, ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.