மயிலாப்பூரையும் சேர்த்திருக்கலாம்
தனியாகச் சென்னை வருபவர்கள் எழும்பூரில் தங்குவதே வசதி என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. அதிகாலை ரயிலைப் பிடிப்பவருக்கு அது சரி. நான்கைந்து நாள் தங்கப்போகும் பெண்ணுக்கு நான் மயிலாப்பூரைத்தான் சொல்வேன். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் இரவு எட்டரைக்கும் பூக்கடை வெளிச்சமும் வீடு திரும்பும் குடும்பங்களும் இருக்கும். அந்த நடமாட்டத்தைவிடப் பெரிய காவல் வேறில்லை. சாந்தோம் தேவாலயத்துக்கு நடந்தே போகலாம். பறக்கும் ரயிலுக்குத் திருமயிலை நிலையம் இருக்கிறது.

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் எனப்படும் தங்கும் விடுதிகள் மலிவுதான், ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்கானவை.

ஒரு விடுதியில் இரவு பத்து மணிக்கு, 'தனிப் பெண்ணுக்கு அறை தருவதில்லை' என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எந்தப் பகுதியானாலும், தனியாக வருகிறேன் என்பதை முன்பே தொலைபேசியில் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள், தோழிகளே.