கிடங்குக்குள் விழுந்தது யாருடைய பிழை?

ஆண்டு ஆறு படிக்கும்போது, ஒரு ராத்திரி முழுக்க எங்கட ரீவி கேம் பெட்டியை அணைக்காமல் விட்டிருக்கிறேன். நிஞ்ஜா கெய்டன், பக்கவாட்டில் ஓடிப் பாய்ந்து விளையாடும் கேம். கடைசிக் கட்டம் வரை வந்தாச்சு, ஆனால் அந்தக் கசற்றில் சேமிக்க வழியே இல்லை. ஆட்டத்தை நிறுத்திவைத்து, ரீவியை மட்டும் அணைத்து, பெட்டியின் சிவப்பு லைட் அப்பாவின் கண்ணில் படாமல் துவாயால் மூடிவிட்டுப் படுத்தேன். விடியப்புறம் கரண்ட் போய் வந்தது. காலையில் ரீவியைப் போட்டால் முதல் பக்கம் நிற்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதேன்.

அதே மாதிரிக் கேம்களை இன்றைக்கும் டொலர் விலை கொடுத்து வாங்கி விளையாடுகிறேன். காரணம் பாய்ச்சல். இந்த வகைக் கேமின் உயிரே அதுதான். 1985இல் வந்த சூப்பர் மாரியோவில் பாய்ந்த பிறகும் காற்றில் திசையைத் திருத்தலாம். அடுத்த வருசம் வந்த காசில்வேனியாவில் கால் தரையை விட்டால் விட்டதுதான், திருப்ப முடியாது. அதனால் பாய முதலே யோசிக்க வேண்டும். இரண்டும் இரண்டு விதமான மனசைக் கேட்கின்றன. பெரிய செலவில் வரும் முப்பரிமாணக் கேம்களில் எனக்கு இந்த உணர்வு கிடைப்பதில்லை.

ஆனால் பழையது எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். நிஞ்ஜா கெய்டனில் பாயும் நேரம் பார்த்து ஒரு பறவை வந்து இடிக்கும், பின்னால் தூக்கி எறிபட்டு நேரே கிடங்குக்குள். கடைசிப் பெரிய எதிரியிடம் தோற்றால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கே தள்ளிவிடும். கொன்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போச்சு. மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் என்பதை எங்கட ஒழுங்கைப் பெடியள் வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தோம். இப்படிச் சாகடிப்பது காசு போட்டு விளையாடும் மெஷின்களின் பழக்கம். சாகடித்தால்தான் அடுத்த காசு விழும். கசற்றில் இடமும் குறைவு, அதனால் சின்னக் கேமைக் கடினமாக்கித்தான் நீட்டினார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி.

இப்போது அந்தப் பழைய பாணியில் கேம் செய்கிறவர்கள் இந்தக் கடினத்தையும் சேர்த்துக் கொண்டுவருவதுதான் எனக்குக் கோபம். போன மாதம் வாங்கிய ஒன்றில் (பெயர் வேண்டாம்) பெரிய எதிரியிடம் ஒவ்வொரு முறை சாகும்போதும் ஆறு நிமிசப் பாதையைத் திரும்ப ஓட வேண்டும். அந்தப் பாதை எனக்கு எப்பவோ பாடம். வேலை முடிந்து உப்புவெளியில் இருந்து வீடு வந்து, சாப்பிட்டு, கிடைப்பது முக்கால் மணி நேரம். அதை இப்படித் தின்பது கஷ்டமான கேம் இல்லை, மரியாதை இல்லாத கேம்.

2014இல் வந்த ஷவல் நைட்டைப் பாருங்கள். பழைய கேம்களின் எட்டு பிட் தோற்றம்தான், ஆனால் பழைய நின்டென்டோ கேம் பெட்டியில் திரையின் ஒரே வரிசையில் எட்டுத் துண்டுப் படங்களுக்கு மேல் வந்தால் உருவங்கள் மினுங்கிக் காணாமல் போகுமே, அதை விட்டுவிட்டார்கள். உயிர்க் கணக்கு கிடையாது. செத்தால் கொஞ்சக் காசு அந்த இடத்திலேயே மிதக்கும், போய் எடுக்கலாம். சேமிக்கும் விளக்கை உடைத்தால் புதையல் வரும். துணிந்தவன் உடைக்கட்டும், ஏலாதவன் விடட்டும். 2018இல் வந்த செலஸ்ட் இன்னும் ஒரு படி மேல். விளிம்பைத் தாண்டி ஒரு கணம் பிந்தி அழுத்தினாலும் பாய விடும். செத்தால் கண்மூடித் திறக்க முதல் அதே திரையில் நிற்பீர்கள். ஏலாதவர்கள் வேகத்தைக் குறைத்தும் விளையாடலாம். அப்படியிருந்தும் அது லேசான கேமே இல்லை.

நேற்று அக்காவின் மகன் அதை விளையாடினான். ஒரே திரையில் நாற்பது தரத்துக்கு மேல் விழுந்தான். பெருவிரல் நுனி சிவந்துவிட்டது. ஒருதரமும் கேமைத் திட்டவில்லை. "நான்தான் மாமா முந்தி அழுத்திட்டன்" என்றான். கொஞ்சம் வேகத்தைக் குறைத்து விடட்டுமா என்று கேட்டேன். கொன்ரோலரை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, "வேண்டாம், வந்திடும்" என்றான்.