நித்திரையில் கலியாணம் முடிந்த ராணிகள்

போன கிழமை ஒரு கலியாண வீட்டில், மனைவியைக் கேட்டுவிட்டு வந்து பதில் சொன்ன பெடியன் ஒருவனைப் பார்த்து ஒரு பெரியவர் "அங்கை அல்லி ராச்சியமெல்லோ" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதுதான் வெட்கம்.

அல்லி ஆம்பிளைத் துணை இல்லாமல் நாடு ஆண்டவள் என்பது கதை. மன்னார் அரிப்பில் கடலோரம் இடிந்து கிடப்பது முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, ஆனால் வெள்ளைக்காரன் கட்டின வீட்டையே அல்லிராணி கோட்டை என்று அவள் பெயருக்கு உறுதி முடித்துக் கொடுத்த சனம் நாங்கள். அவ்வளவு பெரிய ராணிக்குக் கலியாணம் எப்படி நடந்தது? அருச்சுனன் பாம்பாக உள்ளே போய், அவள் நித்திரையில் இருக்கத் தாலி கட்டினானாம்.

சரி, அது பாண்டி நாட்டுக் கதை என்று விடுவோம். எங்கள் மாருதப்புரவீகவல்லி? சோழ இளவரசி, குதிரை முகம், கீரிமலையில் தீர்த்தமாடிக் குணமானவள், மா என்ற குதிரை முகம் விட்டதால்தான் மாவிட்டபுரத்துக்கே அந்தப் பெயர், இவ்வளவும் அம்மம்மா சொல்லித் தந்தார். கோயில் கட்டியதும், முருகன் விக்கிரகத்தைச் சோழநாட்டிலிருந்து எடுப்பித்ததும், அந்தக் காங்கேயன் வந்திறங்கியதால்தான் காங்கேசன்துறை என்று ஆனதும் அவளால் என்றுதான் ஐதீகம். ஒரு துறைமுகத்துக்கே பெயர் வரக் காரணமானவளை முகத்தை வைத்து மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அவளுடைய கலியாணத்தை அம்மம்மா "பிறகு ராசா முடிச்சார்" என்று ஒரு வரியில் கடந்து விடுவார். யாழ்ப்பாணத்து ராசாக்களின் கதை சொல்லும் பழைய நூலான யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துப் பார்த்தால், அந்த ராசா உக்கிரசிங்கன் இரவோடிரவாக அவளைத் தூக்கிக்கொண்டு தன் தலைநகரான கதிரைமலைக்குப் போகிறான். இவளிடமும் ஒருவரும் கேட்கவில்லை. இன்னொன்று, கணவன் பெயரில் சிங்கம், பிள்ளை நரசிங்கராசன், அதெல்லாம் வீரம். இவள் பெயரில் இருக்கிற புரவி மட்டும் நோயாம்.

கதைகளை எரிக்கச் சொல்லவில்லை, எனக்கு இவை உயிர். ஆனால் தனியாக நிற்கிற ஒரு பொம்பிளையைக் கண்டால் இரவோடிரவாக யாருக்காவது கட்டிவைக்காமல் எங்கள் கதைசொல்லிகளுக்கு ஏன் நித்திரை வருவதில்லை?

பொலன்னறுவையில் லீலாவதி என்று ஒருத்தி 1197க்கும் 1212க்கும் இடையில் மூன்று தடவை சிம்மாசனம் ஏறினாள், இரண்டு தடவை இறக்கியும் திரும்பி வந்தாள். அவள் அடித்த காசில் இருப்பது ராணி இல்லை, "ஸ்ரீ ராஜ லீலாவதி". காசில் எழுதியதைக் கதைசொல்லி மாற்ற முடியாது பாருங்கோ.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போனபோதும் இதே யோசனைதான். ராசகுமாரி நீராடிய தீர்த்தம், ஆனால் கடலைப் பார்த்த பெரிய கேணி ஆம்பிளையளுக்கு. எங்களுக்குச் சுவர் கட்டி மறைத்த சின்னக் கேணி. பிள்ளையின் துவாயைப் பிடித்துக்கொண்டு அதன் வாசலில் வரிசையில் நின்றேன்.