ஐஎஸ்ஓ சான்றிதழை ஐஎஸ்ஓ தருவதில்லை

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ பட்டறைக்காரர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பணம் கட்டினால் இரண்டே நாளில் ஜெனீவாவிலிருந்து ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ். அதன்பின் உங்கள் சரக்கின் தரத்துக்கு அதுவே உத்தரவாதம்." இரண்டுமே தவறு.

ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ என்பது தரநிலைகளை எழுதி வெளியிடும் சர்வதேச அமைப்பு. யாருக்கும் சான்று கொடுப்பதில்லை. தணிக்கை செய்து கொடுப்பவை தனி நிறுவனங்கள். அவற்றுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு என்ஏபிசிபி. காசு கொடுக்குமுன் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள்.

1987இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 9001 என்ற தரநிலை, சரக்கைச் சோதிப்பதில்லை. வேலை நடக்கும் முறையைப் பார்க்கிறது. சோல் பிரிந்து ஷூ திரும்பி வந்தால், மறுபடி ஒட்டி அனுப்பினால் போதாது. பசை காயும் நேரம் குறைந்ததா, ஒட்டுமுன் தோலைச் சரியாகச் சுரண்டவில்லையா, புதிதாக வந்தவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையா என்று காரணத்தைத் தேட வேண்டும். மாற்றியதை எழுதிவைத்து, பலித்ததா என்று பிறகும் பார்க்க வேண்டும். இது இரண்டு நாளில் முடிகிற காரியமா? கஷ்டப்பட்டுச் சேர்த்த காசு ஃபிரேம் போட்ட ஒரு தாளுக்குப் போவது வேதனையாக இருக்கிறது.

முறையான சான்று என்றால் வழக்கமாக ஆண்டுதோறும் தணிக்கையும், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலும் உண்டு.