டவர் பார்த்துவிட்டது, சரி. அப்புறம்?

போன பிப்ரவரியில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆர்கன் பைப் கள்ளிக்காட்டுக்குப் போனோம். அரிசோனாவில் எங்கள் சாண்ட்லர் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். பூங்காவின் தெற்கு வேலிதான் மெக்சிகோ எல்லை. ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு வளர்ந்த கள்ளிகளை விட்டுவிட்டு, அம்மா தூரத்தில் நின்ற ஒரு கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொட்டல்ல யாருக்குடா செல்போன் டவர்?" செல்போன் இல்லை, எல்லைக் காவல் படையின் கேமரா டவர் என்றேன். "அதை யார் உக்காந்து பாக்கறா?"

அமெரிக்க அரசு இந்தக் கேள்விக்குத்தான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போதைய பதில், யாரும் உட்கார வேண்டாம் என்பது. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டத்தில் எல்லைத் தொழில்நுட்பத்துக்கு 616 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்மூர்ப் பணத்தில் ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவும் டவருக்குப் போகாது, வண்டிகளைச் சோதிக்கும் ஸ்கேனர் முதலானவையும் அதில் அடக்கம். (சுவருக்குத் தனியாக 4,650 கோடி டாலர். அந்தக் கதை இன்னொரு நாள்.) ஆனால் டவர் வாங்குவதானால் ஒரு நிபந்தனை உண்டு. மனிதர் கூடவே இருந்து இயக்காமல், அதுவே ஆளைக் கண்டுபிடித்து, இன்னது என்று பிரித்தறிந்து, பின்தொடர வேண்டும். அப்படிச் செய்கிறது என்று எல்லைத் துறை சோதித்து ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் இந்தப் பணத்திலிருந்து ஒரு டாலர் கிடையாது.

நான் பதினைந்து வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் சோறு தின்பவன். அந்தப் பிரிவைப் படித்தபோது "துல்லியமாக" என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. துல்லியமாகக் கண்டறிய வேண்டுமாம். எவ்வளவு? நூறு அலாரத்தில் எத்தனை பொய்யாக இருக்கலாம்? பத்துப் பேர் நடந்து போனால் எத்தனை பேரைத் தவறவிடலாம்? எண் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு ரிக்வயர்மென்ட் வந்தால் டெவலப்பரே சிரித்துவிடுவான்.

இதில் கொடுமை, எண் இல்லாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பது இவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான். 1990-களின் கடைசியில் ஒரு திட்டம் வந்தது. தரையில் புதைக்கும் சென்சார், கம்பத்தில் கேமரா. சுருக்கப் பெயர் ஐசிஸ் (அப்போது அந்தப் பெயர் இன்னும் கெட்டுப்போகவில்லை). 2005-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பிரிவு கணக்கெடுத்தபோது, அலாரம் அடித்து ஆள் போய்ப் பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வீண் அலைச்சல். உள்ளூர் வண்டி, ரயில், ஆடு மாடு. தென்மேற்கு எல்லையில் நூறு அலாரத்துக்கு இரண்டில்தான் யாராவது பிடிபட்டார்கள்.

அடுத்து 2006-ல் எஸ்பிஐநெட் என்று கேமராவும் ரேடாரும் வைத்த டவர் திட்டம். காண்டிராக்ட் போயிங்குக்கு. எல்லையோர ஊரான சசாபே பக்கம் 28 மைலுக்கு வெள்ளோட்டம் விட்டார்கள். மழை பெய்தாலே ரேடார் அலாரம் அடித்தது. 2011 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அப்போதைய செயலாளர் ஜேனட் நெபாலிடானோ திட்டத்தை இழுத்து மூடினார். அதற்குள் ஏறக்குறைய 100 கோடி டாலர் கரைந்திருந்தது. கைக்கு வந்தது 53 மைல் எல்லைக்கான கண்காணிப்பு, அவ்வளவும் எங்கள் அரிசோனாவில். 2014-ல் எல்பிட் கம்பெனிக்கு 14.5 கோடி டாலருக்கு வேறு டவர்கள். இப்போது ஆண்டுரில் என்ற கம்பெனியின் டவர்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான பால்மர் லக்கி, நாம் உட்கார்ந்து சண்டை போடும் இதே ஃபேஸ்புக்குக்குத் தன் ஆக்குலஸ் கம்பெனியை 2014-ல் 200 கோடி டாலருக்கு விற்றவர். 2024-ல் இவர்களுடைய முந்நூறாவது டவர் எல்லையில் ஏறியது. புதுச் சட்டம் கேட்கும் தகுதியோடு தயாராக இருப்பது இந்த ஒரே கம்பெனிதான் என்று பத்திரிகையில் செய்தியும் வந்தது. சட்டை தைத்த பிறகு அளவெடுத்த மாதிரி இருக்கிறது, போகட்டும்.

பொய் அலாரம் என்றால் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு என் வீட்டுக் கதை. கொல்லைப்புறத்துக்கு ஒரு கேமரா வாங்கி மாட்டினேன். மனிதர் வந்தால் மட்டும் போனுக்குச் சொல்லும், அதுதான் அதன் பெருமை. அம்மா வந்ததும் புடவையைக் கொடியில் காயப்போட ஆரம்பித்தார். அரிசோனாக் காற்று. இரவு பதினொரு மணிக்கு "உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்" என்று போன் கூவும். டார்ச்சோடு ஓடிப் பார்த்தால் மாம்பழக் கலரில் சுங்குடிப் புடவை. முதல் நாள் மூன்று முறை ஓடினேன், இரண்டாம் நாள் ஒரு முறை. மூன்றாம் நாள் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டுத் தூங்கினேன். அடுத்த மாதம் உண்மையிலேயே ஒருவன் மதில் ஏறிக் குதித்து மகனின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனான். கேமரா பார்த்தது, பதிவும் செய்தது, அலாரமும் அனுப்பியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. போலீசாரிடம் தெளிவான வீடியோவைக் கொடுத்தேன். சைக்கிள் வரவில்லை.

நியாயமாகச் சொன்னால், இப்போதைய டவர்கள் அந்தக் காலத்துச் சென்சாரை விட எவ்வளவோ மேல். மாடு வேறு மனிதர் வேறு என்று படத்திலேயே பிரிக்கும் தொழில்நுட்பம் பத்து வருடத்தில் எங்கேயோ போய்விட்டது. ஒரு காவலர் எட்டு மணி நேரம் திரையை வெறித்துக் கண் கெடுவதை விட இது நல்லது. ஆனால் வாங்குவதில் உள்ள உற்சாகம் பராமரிப்பில் கிடையாது. 2024 அக்டோபரில் ஒரு உள் அறிக்கை வெளியே கசிந்தது. எல்லைக் காவல் படையின் பழைய கேமரா டவர் அமைப்பில் 500 கேமராவில் சுமார் 150 வேலை செய்யவில்லை. ரிப்பன் வெட்டத்தான் ஆள் வருவார்கள், கிரீஸ் போட யாரும் வரமாட்டார்கள். இது எந்த நாட்டுக்கும் பொது போலிருக்கிறது.

சரி, எல்லாம் வேலை செய்கிறது, அலாரமும் உண்மை என்றே வையுங்கள். 2023 டிசம்பருக்கு வருகிறேன். ஆர்கன் பைப்பை ஒட்டி லூக்வில் என்று ஒரு எல்லைச் சாவடி இருக்கிறது. அந்த மாதம் 4-ம் தேதி அதையே மூடிவிட்டார்கள். காரணம், அவ்வளவு பேர் வேலியைத் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். சாவடியில் இருந்த ஆட்களை எல்லாம் அவர்களைப் பதிவு செய்ய அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஒரே மாதத்தில் தென்மேற்கு எல்லை முழுக்கப் பிடிபட்டவர்கள் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம். பிடிபட்டவர்கள் என்பது பேச்சுக்கு. லூக்வில் பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒளியவே இல்லை. வேலியோரம் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு, காவலர் எப்போது வந்து கூட்டிப் போவார் என்று காத்திருந்தார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க செயற்கை நுண்ணறிவு எதற்கு? அன்றைக்குத் தட்டுப்பாடு பஸ்ஸுக்கும், எழுதி எடுக்க ஆளுக்கும், கேஸ் விசாரிக்க நீதிபதிக்கும்தான். 2024 கடைசியில் குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் 35 லட்சத்துக்கு மேல். நீதிபதிகள் அப்போது சுமார் எழுநூறு பேர். டவருக்குக் கதவைத் திறந்த அதே 2025 சட்டம், 2028 நவம்பரிலிருந்து நீதிபதிகள் எண்ணூறு பேரைத் தாண்டக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது வருவோர் எண்ணிக்கை அடியோடு விழுந்துவிட்டது. 2025 மார்ச்சில் எல்லைக் காவல் படையிடம் பிடிபட்டவர்கள் சுமார் 7,200 பேர். டவர் இடம் மாறவில்லை, கொள்கைதான் மாறியது. அந்தக் கொள்கை சரியா தப்பா என்பது வேறு சண்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரிசோனாப் பாலைவனத்தில் கண்டெடுத்த உடல்களைக் குறித்து வைத்த வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. பிமா கவுண்டி பிணப் பரிசோதனை அலுவலகமும், பாலைவனத்தில் நீலக் கொடி கட்டித் தண்ணீர்ப் பீப்பாய் வைக்கும் ஹியூமேன் பார்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பும் சேர்ந்து நடத்துவது. ஒரு உடலுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. 4,000-க்கு மேல் இருக்கின்றன. புள்ளியைத் தொட்டால் தேதி, வயது, காரணம் வரும். பல இடங்களில் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. எஸ்பிஐநெட் டவர்கள் நின்ற பகுதியை எடுத்துக்கொண்டு 2019-ல் அரிசோனாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். டவரின் பார்வை படாத, இன்னும் கரடுமுரடான பாதைக்கு ஆட்கள் ஒதுங்க ஒதுங்க, உடல்கள் கிடைத்த இடங்களும் கூடவே நகர்ந்திருக்கின்றன. டவர் பார்த்த ஆட்கள் கணக்கில் வருவார்கள். டவருக்குப் பயந்து சுற்றிப் போனவர்களை எந்த பட்ஜெட் அட்டவணையிலும் தேட முடியாது.

"அப்போ எல்லையைத் திறந்து விடச் சொல்றியா?" என்று கமெண்ட் வரும் என்று தெரியும். இல்லைங்க. பன்னிரண்டு வருடம் க்யூவில் நின்று கிரீன் கார்டு வாங்கியவன் நான், க்யூவைத் தாண்டுபவர்கள் மேல் எனக்கும் எரிச்சல் வரும். ஆர்கன் பைப் பார்வையாளர் மையத்துக்கு கிரிஸ் எகிள் என்று பெயர். 2002-ல் எல்லை தாண்டி ஓடிவந்த போதைக் கும்பல் ஆட்களைத் துரத்தியபோது சுட்டுக் கொல்லப்பட்ட வனக்காவலர். வயது 28. அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் கள்ளியைப் பார்க்கப் போக வேண்டும். எல்லைக்குக் காவல் வேண்டும். ஆனால் கிரிஸும் டவர் இல்லை, அங்கே கையில் துப்பாக்கியோடு இறங்கி நடந்த ஒரு ஆள்தான்.

ஆகவே டவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வரிப்பணத்தில் வாங்குகிறார்கள், டெஸ்டராக நாலு எண் கேட்கிறேன். போன வருடம் எத்தனை அலாரம் அடித்தது? அதில் எத்தனை உண்மை? எத்தனைக்கு ஆள் போனார்? போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆனது? டவர் வாரியாக வேண்டாம், மொத்தமாகவே போதும். கம்பெனி ரகசியம், பாதுகாப்பு ரகசியம் என்று சொல்லாமல் யாராவது இதை வெளியிட்டால், சத்தியமாக இந்தப் பதிவை எடிட் செய்கிறேன்.